சாறுக்கு வடித்த தண்ணீரும் ரத்தத்தில் ஏறும் பொட்டாசியமும்

"உப்பு ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சிறுநீரகம் செயலிழந்தவர் வீட்டில் முதலில் காதில் விழுவது இதுதான். இந்த 'உப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. டாக்டர் சொன்னது பெரும்பாலும் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. வீட்டார் எடுத்துக்கொள்வது சமையல் உப்பு, அதாவது சோடியம். ஆளை ஒரே ராத்திரியில் சாய்க்கக்கூடியது மூன்றாவது. அது பொட்டாசியம்.

இந்தக் குழப்பத்தில் பல வீடுகளுக்குள் வந்துவிடுவது மளிகைக்கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 520 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. பாக்கெட்டில் 30 சதவீதம் அதுதான் என்றால், நாளுக்கு ஐந்து கிராம் உப்பு போட்டுச் சாப்பிடுகிறவர் உப்பிலிருந்து மட்டும் 780 மி.கி. ஏற்றிக்கொள்கிறார். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது நல்ல உப்பு. சிறுநீரகம் போனவருக்கு ஆகாது. இந்துப்பும் தீர்வு இல்லை. அதுவும் சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல். சாதாரண உப்பையே அளவாகப் போடுங்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். உடம்பிலுள்ள மொத்தப் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே அடைந்து கிடக்கிறது. செல்லுக்கு வெளியே, ரத்தத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருப்பது இரண்டேகால் கிராம்கூட வராது. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 400 மி.கி. இருக்கிறது. அது முழுக்க வெளியிலேயே தங்கினால் அளவு 0.7 ஏறிவிடும். அப்படி ஆகாமல் காப்பவை இரண்டு. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளி வைக்கிறது. பிறகு சில மணி நேரத்தில் சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. நாம் தின்னும் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில்தான் போகிறது, மிச்சம் மலத்தில். சிறுநீரகம் சுருங்கச் சுருங்கக் குடல் தன் பங்கைக் கூட்டிக்கொண்டு கால் பங்கு வரைக்கும் வெளியே தள்ளும். இதனால்தான் இந்த நோயாளிக்கு மலச்சிக்கல் சாதாரணத் தொந்தரவு அல்ல. மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் மிச்சமிருந்த ஒரு வாசலும் அடைபட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்பதற்காக எல்லாரும் பழத்தை விட வேண்டியதில்லை. சிறுநீர் நன்றாகப் போய், பொட்டாசியமும் 4.3, 4.5 என்று நிற்கிறவரைப் பழமும் காயும் தொடாதே என்று மிரட்டினால் மலச்சிக்கலும் சோர்வும்தான் மிஞ்சும். அளவு 5-ஐத் தாண்டுகிறவருக்கும், ஹீமோடயாலிசிஸில், அதாவது இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சையில், இருந்துகொண்டு சிறுநீர் குறைந்துபோனவருக்கும்தான் கட்டுப்பாடு. ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு 3,500 மி.கி. வேண்டும். கட்டுப்பாடு தேவைப்படுகிறவருக்குப் பொதுவாக 2,000 முதல் 2,500 வரை என்று வைப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கையில் கொடுக்கும் தாளில் வாழைப்பழம், ஆரஞ்சு, உருளைக்கிழங்கு, சாக்லேட் என்று வரிசையாக இருக்கும். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ தினமும் ஆரஞ்சும் சாக்லேட்டும் தின்கிறவர் எத்தனை பேர்? இங்கே தட்டில் விழுவது களி. களிக்குத் தொட்டுக்கொள்ளச் சாறு. அந்த இரண்டும் தாளில் இருக்காது.

முதலில் களி. நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 400 மி.கி. பொட்டாசியம் உண்டு. அதே நூறு கிராம் பச்சரிசியில் 110 சொச்சம். அரிசியை வடித்தால் அதிலும் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். களியில் வடிப்பதற்கு ஒன்றும் இல்லை, கொதிக்கிற தண்ணீரை மாவே குடித்துவிடுகிறது. மாவில் இருந்தது அத்தனையும் உருண்டைக்குள்ளேயே நிற்கும். இரண்டு உருண்டைக்கு 200 கிராம் மாவு பிடித்தால் 800 மி.கி. ஆயிற்று, நாள் கணக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் மேல். சர்க்கரை நோய்க்குக் களி சாப்பிடச் சொல்லிப் பத்து வருடம் பழக்கியிருப்பார்கள். அதே சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்தபிறகு பழைய அறிவுரையை யாரும் வாபஸ் வாங்குவதில்லை. களியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு உருண்டையை ஒன்றாக்கலாம், களி கிண்டும்போது நொய்யைக் கூட்டி மாவைக் குறைக்கலாம், மற்ற வேளைக்கு வடித்த சோறோ சாமைச் சோறோ வைக்கலாம்.

அடுத்தது சாறு. விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்து அடுப்பில் பருப்பையும் கீரையையும் நிறையத் தண்ணீரில் வேகவைப்பார்கள். வடித்த பருப்பு-கீரையைத் தாளித்துப் பொரியலாக எடுத்துவிட்டு, வடித்த தண்ணீரில் தக்காளி, புளி, மிளகாய், பூண்டு அரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தால் சாறு. வேகவைத்து வடித்த தண்ணீரைக் கொட்டு என்று உணவு ஆலோசகர் சொல்வது எந்தத் தண்ணீரையோ, அதே தண்ணீர்தான் இங்கே குழம்பாகிறது. கொட்ட யாருக்கும் மனசு வராது, சத்து போய்விடுமே என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான், அந்தச் சத்தில் முக்கியமான ஒன்று பொட்டாசியம்.

நாலு பேருக்கு வைக்கிற சாறுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துவரம்பருப்பு 100 கிராம், அதில் சுமார் 1,300 மி.கி. தண்டங்கீரை ஒரு கட்டு, ஆய்ந்தபின் 250 கிராம், அதில் 1,400. நன்றாக வெந்தால் இரண்டிலும் பாதியளவு தண்ணீரில் இறங்கும் என்று வைத்துக்கொண்டால் 1,350. தக்காளி நாலு, 300 கிராம், அதில் 700. எலுமிச்சை அளவு புளி 30 கிராம், அதில் 190. ஆக, சட்டியில் 2,200-க்கு மேல். ஆளுக்கு 550 மி.கி. விழுகிறது. வாழைப்பழத்தைத் தொடாமல் பத்தியம் இருக்கிறவர், களி இறங்க வேண்டுமே என்று இன்னும் ஒரு கரண்டி சாறு ஊற்றிக்கொண்டால் வாழைப்பழம் ஒன்றரை தின்றதற்குச் சமம். பாலக்கோடு, இராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி விலை விழுகிற மாதங்களில் நாலு தக்காளி எட்டாகிவிடும். தக்காளித் தொக்கு இன்னும் மோசம், தண்ணீர் வற்றிச் சுண்டின தக்காளி அது.

சமைக்கிற அக்காவோ அம்மாவோ ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். வடித்த பருப்பும் பிழிந்த கீரையும் நோயாளிக்கு, சாறு மற்றவர்களுக்கு. பொட்டாசியம் குறைந்த பங்கு அவருக்குப் போகிறது, பருப்பின் புரதமும் அவருக்கே போகிறது. களிக்கு ஈரம் வேண்டுமென்றால் புதுத் தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியலாம். அரை மூடிச் சாற்றில் வருவது 20, 30 மி.கி.தான். சிறுநீர் குறைந்தவர் அந்த ரசத்தையும் நாளின் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காயிலிருந்து பொட்டாசியத்தை இறக்குவதில் பலர் செய்யும் தவறு, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் காலையில் அப்படியே சமைப்பது. உருளைக்கிழங்கு மாதிரிக் கெட்டிக் கிழங்குகளில் வெறும் ஊறலால் பலன் மிகக் குறைவு. செல்லின் சுவரை உடைக்கக் கொதி வேண்டும். தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, ஒரு தடவை கழுவி, காயைப்போல் பத்து மடங்கு தண்ணீரில் மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி வேகும்வரை கொதிக்கவைத்து வடியுங்கள். அதற்குப் பிறகுதான் தாளிப்பு. துண்டாக நறுக்கி ஒருமுறை வேகவைத்தாலே பாதி குறையும், துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை போகும். கீரையைப் பொடியாக நறுக்கி நிறையக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து வடித்துப் பிழிய வேண்டும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விசில் வைத்தால் ஒன்றும் வெளியேறாது. ஆவியில் வேகவைத்தாலும் அப்படியே. எண்ணெயில் பொரித்தால் தண்ணீர் மட்டும் போய்ப் பொட்டாசியம் சுண்டி நிற்கும். வடிக்கிற தண்ணீரோடு பி, சி வைட்டமின்களும் போவது உண்மை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு வைட்டமின் மாத்திரை எழுதுவதில் இதுவும் ஒரு காரணம்.

இத்தனை பாடு வேண்டாம் என்றால் சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் பக்கம் போய்விடலாம். ஒருமுறை வடித்தாலே போதும். முருங்கைக்காய், சேனை, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் எதிர்ப்பக்கம். பனிக்காலத்தில் வருகிற பச்சை மொச்சை, துவரங்காய், கொள்ளுச்சாறு இவற்றையும் அங்கேயே சேர்க்கவும். வெல்லத்தில் பொட்டாசியம் உண்டு, வெள்ளைச் சர்க்கரையில் இல்லை. வெல்லம் நல்லது என்ற பேச்சு இங்கே செல்லாது.

மாம்பழம் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரியில் எதையும் எழுத முடியாது. நூறு கிராம் மாம்பழச் சதையில் சுமார் 170 மி.கி.தான், வாழைப்பழத்தில் பாதி. பழத்தின் அளவுதான் வில்லங்கம். ஒரு பெங்களூரா பழத்தில் 300 கிராம் சதை தேறும், அப்போது 500 மி.கி. ஆகிவிடும். சீசனில் ஒரு பழத்தோடு எழுந்தவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பொட்டாசியம் கட்டுக்குள் உள்ளவர், சர்க்கரையும் சரியாக இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு நாலைந்து துண்டு சாப்பிடலாம். ஜூஸாகக் குடிக்கக் கூடாது.

இளநீர் விஷயத்தில் தயவே கிடையாது. நூறு மில்லியில் 200 முதல் 250 மி.கி. ஒரு காயில் 350 மில்லி இருந்தால் 700-க்கு மேல், அதுவும் ஒரே மடக்கில். வெயிலில் தலைசுற்றுகிறது என்று சாலையோரம் வண்டியை நிறுத்தி இரண்டு காய் வெட்டச் சொல்வது இந்த நோயாளிக்கு ஆபத்தான விளையாட்டு. வாழைத்தண்டுச் சாறும் அப்படியே. "மாமா, தண்டுச் சாறு குடிங்க, கிட்னிய கழுவி விட்டுடும்" என்று சொல்லும் மருமகன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கல் உள்ளவருக்குச் சொல்லும் கைவைத்தியத்தைச் சிறுநீரகமே செயலிழந்தவருக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். நட்சத்திரப் பழத்தின் கதை வேறு. அதிலுள்ள நச்சு சிறுநீரகம் போனவரின் மூளையைத் தாக்கும். தீராத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போகும். ஒரு துண்டுகூட வேண்டாம்.

சாப்பாட்டைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் மருந்துப் பெட்டியைத் திறப்பதே இல்லை. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஆனாலும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதற்காகவே கொடுக்கப்படுபவை. தானாக நிறுத்தக் கூடாது. ஆரம்பித்த பிறகும், அளவைக் கூட்டிய பிறகும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கவனம். வாந்தி பேதி வந்து உடம்பு வற்றுகிற நாளில் இந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றைக்கே டாக்டரைப் போனில் கேளுங்கள்.

உண்மையான கோபம் மருந்துக்கடைக் கவுண்டர் மேல்தான். மூட்டுவலி என்றதும் டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக் பட்டையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அது மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அடக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல், பொட்டாசியம் வெளியேறும் வழியை நேராக அடைக்கிறது. டெல்மிசார்ட்டனோடு அது சேர்ந்தால் சில நாளிலேயே அளவு எகிறும். எரிச்சலுக்குத் தரும் சிரப்பில் சிட்ரேட் என்று இருந்தால், முன்னால் பொட்டாசியம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பேதிக்குக் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் 780 மி.கி. பொட்டாசியம் உண்டு. பேதியில் பொட்டாசியம் வெளியேறவும் செய்யும், ஆகவே எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாக்கெட் தின்பண்டங்களில், சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். வரிசையில் 508, 332, 340 என்ற எண்கள் இருந்தால் பொட்டாசிய உப்புகள் சேர்ந்திருக்கலாம். காயில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடலில் ஏறாமலே போகும், இப்படிச் சேர்க்கும் உப்பு கிட்டத்தட்ட முழுக்க ஏறிவிடும்.

சாப்பாடும் மருந்தும் சரியாக இருந்தும் அளவு ஏறினால் சர்க்கரையைப் பாருங்கள். இன்சுலின் போதாமல் சர்க்கரை 350, 400 என்று நிற்கும்போது பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியே வந்துவிடும். அமிலம் தேங்கினாலும் அப்படித்தான், சோடா (சோடியம் பைகார்பனேட்) மாத்திரை எழுதுவது அதற்காக. விரதமும் உதவாது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் இன்சுலின் அடங்கி, எதுவும் தின்னாமலேயே அளவு ஏறலாம். சர்க்கரை தாழ்ந்துபோனால் ஜூஸைத் தேடாமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

சிலசமயம் ரிப்போர்ட்டே பொய் சொல்லும். கையில் ரப்பரை வெகுநேரம் இறுக்கிக் கட்டி, விரலை மூடித் திற மூடித் திற என்று சொல்லி எடுத்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் காலையில் எடுத்த ரத்தம், பிரிக்கப்படாமல் ஐஸ் பெட்டியில் பைக்கில் ஏறித் தருமபுரிக்கோ ஓசூருக்கோ மதியம் போய்ச் சேர்ந்தால் குளிரிலேயே அணுக்கள் பொட்டாசியத்தைக் கசியவிட்டிருக்கும். ரத்தம் எடுத்த இடத்திலேயே சுழற்றிச் சீரம் பிரிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நன்றாக இருக்கிறவருக்குத் திடீரென்று 6.3 வந்தால் அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். பொய்யாக இருக்கும் என்று நாளைக்குத் தள்ளக் கூடாது.

டயாலிசிஸ் கணக்கு இது. நான்கு மணி நேர ஹீமோடயாலிசிஸ் ஒன்றில் சுமார் மூன்று கிராம் பொட்டாசியம் வெளியேறும். வாரத்துக்கு மூன்று என்றால் ஒன்பது கிராம். நாளுக்கு இரண்டு கிராம் தின்றால் வாரத்துக்குப் பதினான்கு. மிச்சம் ஐந்தை மலமும், இருக்கிற கொஞ்சச் சிறுநீரும்தான் சுமக்க வேண்டும். பஸ் இல்லை, பண்டிகை, காசில்லை என்று ஒன்றைத் தவறவிட்டால் கணக்கு உதைக்கும். வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து டயாலிசிஸ் இல்லாத இடைவெளி வரும். ஆபத்து கூடுவது அதன் முடிவில். கறிவிருந்தும் மாம்பழமும் அந்த இரண்டு நாளில் வேண்டாம்.

வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் டயாலிசிஸில் (பெரிடோனியல் டயாலிசிஸ்) வீட்டிலேயே திரவப் பை மாற்றுகிறவர்களுக்குக் கதை தலைகீழ். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். பைத் திரவத்தில் பொட்டாசியமே கிடையாது. நாளுக்கு நாலு பை மாற்றினால் ஒரு கிராமுக்கு மேல் வெளியேறும். இவர்களில் பலருக்கு அளவு 3.5-க்குக் கீழே போய்விடுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரரின் பத்தியத் தாளைப் பார்த்துப் பழத்தை நிறுத்தினால் கால் வலுவிழக்கும், குடலும் மந்தமாகும். இவர்கள் வாழைப்பழம் சாப்பிட வேண்டியிருக்கலாம்.

அளவு ஏறினால் பெரும்பாலும் உடம்பு சொல்லாது. சொன்னால், கால் கனத்து நடை தள்ளாடும், நாடி மெதுவாகும், நெஞ்சு படபடக்கும், மயக்கம் வரும். 6.5 எட்டினாலோ, 6-ஐத் தாண்டி இந்தக் குறிகள் இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். மருந்துச் சீட்டும் கடைசி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அஞ்செட்டி, வத்தல்மலை மாதிரி இடங்களில் இருப்பவர்கள் டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு நேராக அங்கே போவது நல்லது.

அங்கே முதலில் ஏற்றுவது கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இதயத்துக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். அடுத்து 10 யூனிட் இன்சுலினோடு 25 கிராம் குளுக்கோஸ், கூடவே சல்பியூட்டமால் புகை. இவை பொட்டாசியத்தைச் செல்லுக்குள் ஒளித்துவைக்கும், நாலைந்து மணி நேரத்தில் அது திரும்பி வெளியே வரும். உடம்பைவிட்டு நிஜமாக வெளியேற்றுவது டயாலிசிஸ்தான். பொடியாகத் தரும் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டும் வெளியேற்றும், ஆனால் மெதுவாக. அதை மற்ற மாத்திரைகளிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும், மலச்சிக்கல் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு 5.4 வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், ஆறு மணி நேரமாவது படுக்கையிலேயே இருக்கச் சொல்லுங்கள். அதற்குள் மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பார்கள். சிறுநீரகம் போனவர் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் கரையாது, நாலாவது ஐந்தாவது மணி நேரத்தில்கூடச் சர்க்கரை 50-க்கு இறங்கலாம்.